வயசுக்கு வராத போத்தல்

1

சாமி அலுமாரியில் நான் சாராயம் ஒளித்து வைத்திருக்கிறேனாம்.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா ரெலிபோன் எடுத்தாள். வழக்கமாக முதலில் குளிரைப் பற்றிக் கேட்பாள், பிறகு பிள்ளையின் படிப்பைப் பற்றி. அன்றைக்கு அதெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“எடியே, பிள்ளையாருக்குப் பக்கத்தில போத்தல் வைச்சிருக்கிறியாம். உண்மையே?”

“ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லட்டும். உண்மையே, இல்லையே?”

பிள்ளையாருக்குப் பக்கத்தில் இல்லை. பிள்ளையாரை எழுப்பிவிட்டு அவருடைய இடத்தில் வைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்று “லைன் சரியாக் கேக்கேல்ல அக்கா” என்று வைத்துவிட்டேன். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இப்போது ஊர் வாய்க்கு ரெலிபோன் கார்ட்டும் கிடைத்துவிட்டது. கேட்க வேண்டுமா?

ஆகவே ஊரில் இருக்கிற எல்லோருக்குமாக ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். நான் சைவம். வேலையிடத்தில் கிறிஸ்மஸ் கேக் தந்தால்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறவள். ஆனால் ஸ்காபரோவில், எங்கள் அப்பார்ட்மென்றில், ஒரு கறுத்தப் போத்தல் படுத்திருக்கிறது. உள்ளே இருப்பது போர்ட் வைன். அதற்கும் என் மகள் தர்சினிக்கும் ஒரே வயது. அதைக் காவல் காக்கிறவள் நான்.

2

நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு வீட்டின் மேல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் அபீலியோ ஐயா. போர்த்துக்கல்காரர். சீமெந்து வேலை செய்து, சொந்தமாக வீடு வாங்கி, மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பில் பெயிலானவை.

குடிவந்த முதல் நாள், வெளியே பனி. நான் சாமான் பையோடு படியேறுகிறேன். கீழே நின்று மனிதர் பனி அப்பிய என் காலணியைக் காட்டிக் கத்துகிறார்: “சப்பாத்து! சப்பாத்து!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ! வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிறான்!”

என் கணவர் ஓடி வந்தார். (இனி ‘இவர்’ என்றே எழுதுகிறேன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை.) இவர் ஊரில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர், எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பார். “விசரி, அது அவையின்ர சொல்லு. எங்களை ஆண்டிட்டுப் போகேக்க விட்டிட்டுப் போனவை.”

அன்றிலிருந்து எனக்கும் அபீலியோ ஐயாவுக்கும் பாஷைப் பிரச்சினை தீர்ந்தது. யன்னல் என்றால் யன்னலைப் பார்ப்பார். அலுமாரி, மேசை, கதிரை, துவாய் எல்லாம் ஓடும். அவர் மனைவி தெயோலிந்தாவோடு நான் குசினியில் நின்று ரொட்டியைக் காட்டிப் பாண் என்று சொல்லச் சொல்ல அவ சிரித்து விழுவா. முன்னொரு காலத்தில் எங்கள் கோயில்களை இடித்தவர்கள், பதிலுக்கு இருக்கக் கதிரையாவது தந்துவிட்டுப் போயிருக்கிறார்களே!

தர்சினி அந்த வீட்டில்தான் பிறந்து தவழ்ந்தாள். அபீலியோ ஐயாவை ‘வோவோ’ என்று கூப்பிடுவாள். அவர்களின் பாஷையில் தாத்தா என்று அர்த்தமாம். அவளுக்கு மூன்று வயதானபோது நாங்கள் ஸ்காபரோவுக்கு இடம் மாறினோம். சாமான்களை ஏற்றிய பிறகு அவர் எங்களைக் கீழே பேஸ்மென்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூலையில் போத்தல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றை எடுத்தார். கறுத்தக் கண்ணாடி, ஒரு பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற் தீற்றல்.

“இந்த வைன், பிள்ளை பிறந்த வருசத்துத் திராட்சை” என்றார். “இரண்டு வருசம் பீப்பாவில இருந்தது. பிறகு கண்ணாடிக்குள்ள.”

பீப்பா என்ற சொல் வந்ததும் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. பீப்பாவிலேயே கிழடாகிற வைனும் உண்டாம். மரம் மூச்சுவிடும், வைனும் மூச்சுவிடும், காற்றும் கொஞ்சம் குடித்துவிடும். ஆனால் அதை வாங்கிய அன்றைக்கே குடிக்கலாம். கிழடாக்கும் வேலையைக் கடைக்காரனே செய்துவிடுகிறான். கண்ணாடிக்குள் போனதோ வேறு கதை. அதற்குக் காற்றில்லை, அவசரமில்லை. இருபது, முப்பது வருடம் எடுத்து, மண்டியைக் கீழே இறக்கி, மெல்ல மெல்ல இனிமையாகும். அதுவரைக்கும் வாங்கியவன்தான் காவல்.

கட்டளைகளை விரல் மடித்துச் சொன்னார். படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தக்கை காய்ந்து காற்றுப் புகுந்துவிடும். வெள்ளைத் தீற்றல் எப்போதும் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் மண்டி ஒரே பக்கம் படியும். சூடு கூடாது, வெளிச்சம் கூடாது, ஆட்டக் கூடாது. திறப்பதற்கு முதல் நாள் மட்டும் நிமிர்த்தி வைக்கலாம். திறந்தால் வைத்து வைத்துக் குடிக்க முடியாது, இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.

“எப்பத் திறக்கிறது?” என்று இவர் கேட்டார்.

அபீலியோ ஐயா தர்சினியின் தலையைத் தடவி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ‘கம் ஒஃப் ஏஜ்’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது. இவர் உடனே மொழிபெயர்த்தார்: “பிள்ளை வயசுக்கு வந்தாப் பிறகு திறக்கட்டாம். தானும் வந்து எங்களோட இருந்து குடிப்பாராம்.”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. “பாத்தீங்களே! அவையளுக்கும் சாமத்திய வீடு இருக்குது!” என்றேன்.

3

கைக்குழந்தையை வளர்க்கலாம், இந்தப் போத்தலை வளர்க்கிறது கஷ்டம்.

ஸ்காபரோ அப்பார்ட்மென்றில் வெளியே உறைபனி, உள்ளே சித்திரை வெயில். கட்டடம் முழுவதற்கும் ஒரே ஹீற்றிங். கூட்டக் குறைக்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. போத்தலை வைப்பதற்கு இடம் தேடி வீடு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். வடக்குச் சுவரோடு ஒட்டிய சின்ன அலுமாரி ஒன்றுதான் குளிர்ந்தது. அதில்தான் பிள்ளையாரும் முருகனும் குடியேறியிருந்தார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு விளக்குக் கொளுத்தி, தேவாரம் பாடி, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை ஹீற்றருக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றினேன். அவர் யாழ்ப்பாணத்து ஆள், அவருக்கு வெக்கை பழக்கம். போத்தல் வெளிநாட்டுக்காரன், அதுக்குத்தான் தாங்காது.

இவருக்கு இந்தக் காத்திருப்பு முதலில் பிடிபடவேயில்லை. “எங்கட கள்ளு காலமை இறக்கினா பின்னேரம் புளிச்சுப் போம். கையோட குடிச்சிட்டு வேலையைப் பாக்கிறதுதான் முறை. உதென்ன உது, குடிக்கிற சாமானைத் தாலாட்டிக் கொண்டிருக்கிறது?” என்பார். ஆனால் வருடம் போகப் போக ஆளே மாறிவிட்டார். சனிக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து, தொடாமல், குனிந்து பார்த்துவிட்டு மூடுவார். “என்ன பாக்கிறியள்?” என்று கேட்டால், “இருக்கு” என்பார். கடையில் எத்தனை போத்தலும் வாங்கலாம், ஆனால் பத்து வருடம் குடிக்காமல் வைத்த போத்தலை எங்கே வாங்குவது? அதுதான் அதன் கவர்ச்சி என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒருமுறை கரப்பானுக்கு மருந்தடிக்க வருகிறோம், எல்லா அலுமாரியும் வெறுமையாக இருக்க வேண்டும் என்று மனேஜ்மென்ற் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. இவர் போத்தலைத் துவாயில் சுற்றி, நிலத்துக்கடியில் இருக்கும் கார் பார்க்கிங்குக்குக் கொண்டுபோனார். அங்கே குளிர். காருக்குள் போத்தலை மடியில் படுக்க வைத்தபடி அசையாமல் இருந்திருக்கிறார். செக்யூரிட்டிக்காரன் வந்து கண்ணாடியில் தட்டி, “சேர், காருக்குள்ள குடிக்கக் கூடாது” என்றானாம். இவர் பதறிப்போய், “இது என்ர மகளின்ர” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவன் எங்களைக் கண்டால் ஒரு மாதிரித்தான் பார்ப்பான்.

மார்க்கம் நகரில் வீடு வாங்கிய குணம் அண்ணை, இவருடைய பெரியப்பா மகன், ஒரு நாள் வந்து கரிசனையோடு சொன்னார்: “தங்கச்சி, எங்கட பேஸ்மென்ற் நல்ல குளிர். போத்தலை அங்க வையுங்கோவன். நான் வடிவாப் பாத்துக்கொள்ளுவன்.”

குணம் அண்ணையிடம் போத்தலா! பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். “வேண்டாம் அண்ணை, அது பழகின இடத்திலயே கிடக்கட்டும்” என்றேன். அவருக்கு அது மனதில் தைத்துவிட்டது. கொழும்புக்குச் செய்தி எந்த வழியாகப் போயிருக்கும் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை.

4

பதின்மூன்றாவது வயதில் தர்சினி பெரிய பிள்ளையானாள். நான் சந்தோசத்தில் அழுதேன். அவள் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

சடங்குக்கு ஹோல் பார்த்தாயிற்று, வீடியோக்காரனுக்குச் சொல்லியாயிற்று என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். கதவு திறந்தது.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்? எனக்குப் பீரியட்ஸ் வந்ததை ஹோல் எடுத்து அனௌன்ஸ் பண்ணப் போறீங்களா? வித் லஞ்ச்?”

“எல்லாப் பிள்ளையளுக்கும் செய்யிறதுதானே.”

“என்னை ஒருத்தரும் கேக்கேல்ல.”

கதவு மூடியது. அத்தோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிட வா என்றால் வருவாள், சாப்பிடுவாள், போவாள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தகப்பனிடம் தலையசைப்பு மட்டும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆனால் கோபத்துக்குக் கீழே இருந்தது பயம். கொஞ்சக் காலமாகவே அவள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் டார்ஷ். என் தமிழ்க் கேள்விக்கு ஆங்கிலப் பதில். இந்தச் சடங்கைச் செய்துவிட்டால் கொஞ்சமாவது எங்கள் பிள்ளையாக நிற்பாள் என்று நம்பினேன். உள்ளதைச் சொன்னால், அவளைக் கட்டி வைக்க எனக்கு வேறு கயிறு தெரியவில்லை.

இதற்கிடையில் போத்தல். ஹோலில் மது திறப்பதானால் அரசாங்க மதுக்கடையில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். இவருக்கு வேலை, நான்தான் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை சாராயக் கடைக்குள் கால் வைக்கிறேன், நெற்றி நிறையத் திருநீறு. கவுண்டரில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன்.

“எத்தனை விருந்தினர்?”

“முந்நூற்றைம்பது.”

“எத்தனை போத்தல்?”

“ஒன்று.”

நிமிர்ந்து பார்த்தான். “என்ன விசேஷம்?”

எனக்குத் தெரிந்த அழகான ஆங்கிலத்தில் சொன்னேன்: “மை டோட்டர் கேம் ஒஃப் ஏஜ்.”

“வாழ்த்துகள்! பத்தொன்பதா?”

“பதின்மூன்று.”

பெடியன் பேனையைக் கீழே வைத்தான். பத்தொன்பதுக்கு முன்னால் இங்கே யாரும் வயதுக்கு வர முடியாது, மேடம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னான். அதெப்படி வராமல் இருக்கும்? இந்த நாட்டில் அதற்கும் சட்டம் போட்டிருக்கிறார்களா? பாவம், ஆம்பிளைப் பிள்ளை, இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை குடிக்க மாட்டாள், பெரியவர்கள்தான் குடிப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் லைசென்ஸ் கிடைத்தது.

5

சடங்கன்று அபீலியோ ஐயாவைக் கூட்டிவர இவர் பார்க்டேலுக்குப் போனார். தெயோலிந்தா இரண்டு வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டா. ஐயா எண்பதைத் தொட்டிருந்தார். கறுத்தக் கோட்டும் ஊன்றுகோலுமாக ஹோலுக்குள் வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேடையில் மணவறை. அதில் பட்டுச்சேலையும் நகையும் தலை நிறையப் பூவுமாகத் தர்சினி. முகத்தில் இடி விழுந்த மாதிரி ஒரு கோலம்.

கிழவரின் முகம் சிவந்தது. ஊன்றுகோலை இவரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். “மாப்பிள்ளை எங்கே? யார் அவன்? இவள் சின்னப் பிள்ளை! நான் பொலிசைக் கூப்பிடுவேன்!”

நான் ஓடிப்போய்ச் சொன்னேன், கலியாணம் இல்லை ஐயா, நீங்கள்தானே சொன்னீர்கள், கம் ஒஃப் ஏஜ், வந்துவிட்டாள், அதுதான் போத்தலைத் திறக்கிறோம் என்று. அவருக்கு விளங்கவில்லை. கையைக் காலை ஆட்டி எப்படியோ விளங்கப்படுத்தினேன். அவர் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

“இருபத்தொன்று!” என்றார். “வயதுக்கு வருவது என்றால் இருபத்தொன்று! தன் முடிவைத் தானே எடுக்கிற வயது!”

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழையில்லாத மொழிபெயர்ப்பு, பத்து வருடமாக எங்களைப் பேயராக்கியிருக்கிறது! அதற்குள் மேசையில் நிமிர்ந்து நின்ற போத்தலைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. குணம் அண்ணை ஏற்கெனவே கிளாசோடு நின்றார். அபீலியோ ஐயா எழுந்து போய்ப் போத்தலைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டார்.

“இப்ப கூடாது” என்றார். பதின்மூன்று வயதில் இந்த வைன் வாயை மூடிக்கொள்ளுமாம். சின்னதில் இருந்த இனிமை போய்விடும், பெரிய வயதின் இனிமை இன்னும் வந்திருக்காது. உம்மென்று இருக்கும். திறந்தால் ஒன்றும் சொல்லாது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஊற்றிவிடுவார்கள் விசரர்கள். அது கெட்டுப்போகவில்லை. உள்ளுக்குள் வேலை நடக்கிறது. சும்மா விட வேண்டும்.

நான் மேடையைப் பார்த்தேன்.

இவர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, இருபத்தொன்றுக்கு இன்னும் எட்டு வருசம் கிடக்கு. நீங்களும் குடிக்க வேணுமெண்டுதானே தந்தனீங்கள். நல்லாயிருந்தா என்ன, இல்லாட்டி என்ன. இப்பவே திறப்பம்.”

கிழவர் போத்தலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஆசை இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது. இவர் தக்கை இழுக்கிற கம்பியைக் கையில் எடுத்தார்.

“வெயிற்!”

சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி தர்சினி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். வீடியோக்காரன் பின்னால் ஓடினான்.

“வோவோ, இது யாருடைய போத்தல்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“உன்னுடையது.”

“அப்ப நான்தான் டிசைட் பண்ணுவன்.” தகப்பன் பக்கம் திரும்பினாள். “இண்டைக்கு ஒருத்தரும் திறக்கேலாது. ட்வென்ரி வன்னில நான் திறப்பன்.”

அபீலியோ ஐயா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினார். அதுவரை நான் இருக்க மாட்டேன், பிள்ளை.

தர்சினி அவர் கையைப் பிடித்தாள். “பரவாயில்லை வோவோ. எங்கட ஆக்கள் செத்துப்போனவைக்கும் வைப்பினம். அவைக்கு விருப்பமான சாப்பாடு, குடிக்கிறது, எல்லாம் இலையில படைப்பினம். நீங்க இல்லாட்டி அம்மா உங்களுக்கு ஒரு கிளாஸ் படைப்பா.” இதைப் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள். வீட்டில் என் மாமனாரின் திவசத்துக்கு இவர் ஒரு சின்னக் கிளாசில் சாராயம் வைப்பார். அந்த நேரம் இவள் அறைக்குள் காதில் வோக்மனை மாட்டிக்கொண்டிருப்பாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

கிழவருக்கு அவள் சொன்னதை இவர் விளங்கப்படுத்தினார். அவர் என்னைப் பார்த்து ஊன்றுகோலை ஆட்டினார்.

“சின்னக் கிளாஸ் இல்லை. பெரிய கோப்பை. நிரப்பி.”

“ஓம் ஐயா, நிரப்பி” என்றேன். சைவக்காரி, முந்நூற்றைம்பது பேருக்கு முன்னால், ஒரு கத்தோலிக்கக் கிழவருக்கு மது படைப்பதாக வாக்குக் கொடுத்தேன். குணம் அண்ணை வெறும் கிளாசோடு சாட்சி.

தர்சினி போத்தலை வாங்கி என் கையில் தந்தாள். “அம்மா, வீட்ட போய்க் கிடத்துங்கோ. வெள்ளைப் பக்கம் மேல.”

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. “இருபத்தொண்டில நீ எங்க இருப்பியோ, ஆர் கண்டது” என்றேன்.

“எங்க இருந்தாலும் அண்டைக்கு வாறன்” என்றாள்.

ஐ வில் கம் இல்லை. வாறன்.

இப்போதும் அவள் அதிகம் பேசுவதில்லை. கதவும் மூடித்தான் கிடக்கிறது. நான் தட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அபீலியோ ஐயா ரெலிபோன் எடுத்து, தன் முழங்கால் வலியைச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பக்கம் மேலேதானா என்று கேட்பார். மேலேதான் என்று நான் சொல்லுவேன்.

ஆகையால் கொழும்பு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்: ஓம், சாமி அலுமாரியில் போத்தல் இருக்கிறது. ஆசை தீர எல்லோருக்கும் சொல்லுங்கோ. என் பிள்ளை வாறன் என்று சொன்ன நாள் அதற்குள்தான் படுத்திருக்கிறது.